கழற்றுமுன் காது கொடுக்கும் கடை: வெள்ளவத்தையில் ஒரு கணினித் திருத்தகம்

2013ஆம் ஆண்டு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய என் மேசைக் கணினி, கடந்த மார்கழி முதல் இரண்டு விதமாகச் சத்தமிடத் தொடங்கியது. காலையில் ஆளியைப் போட்டதும் ‘உர்ர்’ என்று உறுமிப் பத்து நிமிடத்தில் தானே அடங்கும், அது ஒன்று. மற்றையது, கோப்புகளைத் திறக்கும்போது எப்போதாவது எழும் ‘டிக்... டிக்’ என்ற ஓசை. அது கேட்கும் வேளையில் திரை சில வினாடிகள் அசையாமல் நின்றுவிடும். உயர்தர வகுப்புக்காக நான் பல ஆண்டுகளாகத் தயாரித்த பௌதிகவியல் வினாத்தாள்கள் முழுவதும் அதற்குள் இருப்பதால், எனக்கு நித்திரையே போய்விட்டது.

முதலில் கொண்டுபோன இடத்தில் கணினியை இயக்கிக்கூடப் பார்க்கவில்லை. கணினிக்கு மின்சாரம் வழங்கும் பவர் சப்ளை போய்விட்டது, பழைய மெஷினுக்குச் செலவழிக்காமல் புதிது எடுங்கள் என்றார்கள். உடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர்தான், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு வீட்டின் முன்னறையில் நடக்கும் இந்தத் திருத்தகத்துக்கு என்னை அனுப்பினார்.

அங்கிருந்த தம்பி திருகாணிச் சாவியை எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார். “சேர், சத்தம் எப்ப வருது? போட்ட உடனையா, கன நேரம் ஓடின பிறகா? வேலை கூடேக்க கூடுதா?” நோயாளியிடம் வைத்தியர் விசாரிப்பதைப் போன்ற அந்த நிதானத்திலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பின்னர் பக்கத் தகட்டைக் கழற்றிக் கணினியை இயக்கி, தாள் ஒன்றைக் குழல்போலச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் வைத்துக் கேட்டார். பின்பக்க விசிறியருகே உறுமல் பெரிதாகவே, பென்சிலின் அழிறப்பர் முனையால் விசிறியின் நடுக்குமிழை மெல்ல அழுத்தி ஒரு கணம் நிறுத்தினார். உறுமலும் நின்றது. விசிறியின் அச்சைச் சுற்றியுள்ள உராய்வுநீக்கி காலப்போக்கில் வற்றித் தடித்துவிடும் என்றும், இரவு முழுவதும் ஓய்ந்து கிடந்த பின் முதல் சில நிமிடங்கள் அது முனகுவதும், சூடேறி இளகியதும் அடங்குவதும் அதனால்தான் என்றும் விளக்கினார். கடற்காற்றின் ஈரத்தில் தூசி கம்பளிபோல இறுகிப்போயிருந்த இறகுகளையும் விளக்கு வெளிச்சத்தில் காட்டினார்.

‘டிக்’ ஓசையை அவர் அணுகிய விதத்துக்காகவே இதை எழுதுகிறேன். கோப்புகளைச் சேமித்துவைக்கும் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை, அதாவது வினாடிக்கு 120 தடவை சுழல, அதைத் தொடாமல் அதன்மேல் மிதந்தபடி வாசிக்கும் முனை, தடத்தைப் பிடிக்க முடியாதபோது தொடக்க இடத்துக்குத் திரும்பி மீண்டும் மீண்டும் முயலும். அந்தத் திரும்பலின் ஓசையே நாம் கேட்பது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், கெட்ட பகுதிகளுக்குப் பதிலாக மாற்றிடம் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையையும், வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையையும் காட்டினார். இரண்டுமே பூச்சியமாக இருக்கவில்லை. தட்டு முழுவதையும் பரிசோதித்துப் பார்க்கலாமே என்று நான் கேட்டபோது உறுதியாக மறுத்துவிட்டார். சாகும் தறுவாயிலுள்ள டிஸ்க்கை மணிக்கணக்காக ஓடவிட்டால் எஞ்சிய உயிரும் போய்விடும், முதலில் பிரதி, பிறகுதான் சோதனை என்றார். வினாத்தாள் கோப்புறைகளை என் கண்முன்னாலேயே வெளி டிஸ்க் ஒன்றில் பிரதியெடுத்தார். மூன்று கோப்புகள் மட்டும் திறக்கவில்லை. அவற்றின் பெயர்களை மறைக்காமல் எழுதித் தந்தார்.

பவர் சப்ளையில் எந்தக் குறையும் இல்லை. அதன் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும், 230 வோல்ட் மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்றும் எச்சரித்தார். பௌதிகவியல் ஆசிரியனான எனக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது, ஏனெனில் வீட்டில் அதைத் திறந்து பார்க்க எண்ணியிருந்தேன்.

பரிசோதனைக் கட்டணம் 1500 ரூபா. அங்கேயே திருத்தினால் அதைக் கழித்துக்கொள்கிறார்கள். புதிய விசிறியும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் பாகம் எதுவுமில்லாத எஸ்எஸ்டி ஒன்றும் போட்டுக்கொண்டேன். மறுநாள் மாலை தருவதாகச் சொன்னதை மூன்றாம் நாள்தான் தந்தார்கள். இடையில் ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்திருக்கலாம். பற்றுச்சீட்டில் எஸ்எஸ்டிக்கான உத்தரவாதக் காலத்தையும் நான் கேட்ட பிறகே எழுதினார்கள். இவை சிறு குறைகள் அல்ல, திருத்திக்கொள்ள வேண்டியவை. முற்றாகச் செயலிழந்த டிஸ்க்கிலிருந்து தரவுகளை மீட்கும் வேலையை அவர்கள் செய்வதில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள்.

போகிறவர்கள் சத்தத்தைக் கைபேசியில் பதிவுசெய்து கொண்டுபோங்கள். என் கணினி அங்கே முதல் அரை மணி நேரம் ‘டிக்’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முந்தைய இரவு மகள் எடுத்துவைத்த நாற்பது வினாடிப் பதிவைக் கேட்டுத்தான் அந்தத் தம்பி ஹார்ட் டிஸ்க்கின் பக்கம் திரும்பினார்.