டைக்ரெக்ஸை வேட்டையாட எந்தக் கையடக்க ஆட்டக் கருவி ஏற்றது?

கேப்காம் நிறுவனத்தின் மான்ஸ்டர் ஹன்டர் வீடியோ ஆட்ட வரிசையில், சோனியின் கையடக்க ஆட்டக் கருவியான பிஎஸ்பிக்கு வந்த ஃப்ரீடம் யுனைட்டையும் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கு வந்த 4 அல்டிமேட்டையும் ஒப்பிட, இரண்டிலும் இடம்பெறும் டைக்ரெக்ஸ் என்ற ராட்சத விலங்குடனான சண்டையே நல்ல அளவுகோல்.

பிஎஸ்பியில் அனலாக் குமிழ் ஒன்றுதான் உண்டு. நடப்பதற்கு அதுவும், கேமராவைத் திருப்ப அதற்கு மேலுள்ள திசைப் பொத்தான்களும் தேவைப்படுவதால், கட்டைவிரல் குமிழின் மேல் இருக்கும்போதே ஆள்காட்டி விரலை நண்டின் கொடுக்குப்போல வளைத்துப் பொத்தான்களின் மேல் வைக்க வேண்டியிருக்கிறது. டைக்ரெக்ஸ் பாய்ந்து, சறுக்கித் திரும்பி, மறுபடியும் பாயும்போது விரல் வலிக்க வலிக்கத்தான் அதைத் திரைக்குள் கொண்டுவர முடியும். 3டிஎஸ்ஸில், கீழ்த்திரையில் இலக்கைத் தேர்ந்துவிட்டு எல் பொத்தானை அழுத்தினால், கேமரா விலங்கின் பக்கம் திரும்பிவிடுகிறது. மேட்டிலிருந்து குதித்துத் தாக்கி, அதன் முதுகில் ஏறிக்கொள்ளும் வசதியும் அல்டிமேட்டில் உண்டு.

புதிதாகத் தொடங்குவோருக்கு அல்டிமேட்டையே பரிந்துரைப்பேன். எனினும், கேமரா கைகொடுக்காதபோது எதிரியின் அடுத்த அசைவை முன்கூட்டியே ஊகிக்கப் பழகுகிறோமே, யுனைட் தரும் அந்தப் பயிற்சியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கூட்டு வேட்டையில் இரண்டிலும் நால்வர் வரை சேரலாம். யுனைட்டுக்கு அருகருகே அமர வேண்டும்; அல்டிமேட்டில் இணையம் வழியாகவும் சேர முடிந்தது. 2024 ஏப்ரலில் நின்டெண்டோ 3டிஎஸ்ஸின் இணைய ஆட்டச் சேவையை நிறுத்திய பிறகு, அதற்கும் நண்பர்கள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.