நான்கு பென்சில் பேட்டரியும் ஒரு கேம் பாயும்: 11 வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 1989இல் ஜப்பானில் வந்த முதல் வகை கேம் பாய், கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம் கருவி. செங்கல் மாதிரி தடித்த சாம்பல் நிறப் பெட்டி. யாரோ ஆடித் தேய்த்ததை 11 வருடங்களுக்கு முன் வாங்கினேன். தூங்கும் முன் அரை மணி நேரம், விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ், அவ்வளவுதான் என் உபயோகம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. பாசி பிடித்த தண்ணீர் நிறத்தில் நான்கே சாயல்கள். வேகமாக ஓடும் உருவம் வால் மாதிரி நிழலை இழுத்துக்கொண்டு போகும். விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் ஆடுகிற கதையெல்லாம் இதில் நடக்காது.

ஆனால் இந்த மங்கல் திரை தெரிந்தே எடுத்த முடிவு. 1889இல் கியோட்டோவில் ஹனஃபுடா சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனிதான் கேம் பாயைச் செய்த நின்டெண்டோ. அங்கே 1965இல் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் கேம் பாயை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் குன்பெய் யோக்கோய். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1980இல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைச் செய்தார். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சிலுவை வடிவ பட்டனும், 1982இல் அந்த வரிசையில் வந்த டாங்கி காங்கில் அவர் வைத்ததுதான். எல்லோருக்கும் பழகி, விலையும் இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, அதை வைத்து யாரும் யோசிக்காத ஒன்றைச் செய்வது அவர் வழி.

அதன் பலன் பேட்டரியில் தெரிகிறது. கேம் பாய் வந்த அடுத்த வருடமே போட்டிக்கு வந்த, செகா கம்பெனியின் கேம் கியர் கலர் திரையும் விளக்குமாக ஜொலித்தது. ஆறு பேட்டரியை மூன்று, நான்கு மணி நேரத்தில் குடித்தும் தீர்த்தது. கேம் பாய்க்கு நான்கே பேட்டரி. பத்து மணி நேரத்துக்கு மேல் தாராளமாக ஓடும். எனக்கு மாதம் ஒரு செட்கூடச் செலவாவதில்லை.

ஒருமுறை ஊருக்குப் போனபோது பேட்டரியைக் கழற்ற மறந்து, இரண்டு மாதம் கழித்து வந்து திறந்தால் கசிந்து தகடெல்லாம் பச்சை பூத்திருந்தது. தப்பு என்னுடையது. பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தேன், உயிர் வந்துவிட்டது.

பழைய கேசட் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போக்கிமான் போன்றவற்றில், ஆட்டத்தைச் சேமித்துவைக்க உள்ளேயே ஒரு பட்டன் பேட்டரி பற்றவைத்திருக்கும். அது தீர்ந்தால் சேமித்ததெல்லாம் போச்சு. ஈயம் பற்றவைக்கத் தெரிந்தால் மாற்றிவிடலாம். அப்புறம், கேசட்டுக்குள் வாயால் ஊதுகிற நம் பழைய வைத்தியம் வேண்டாம். எச்சில் ஈரம் பட்டுத் தகடு கறுக்கும்.

டெட்ரிஸ் கேசட்டில் அந்தப் பேட்டரியே கிடையாது. அணைத்தால் ஸ்கோர் மறைந்துவிடும். அதனால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைக்கிறேன். இப்போதைக்கு மேலே நிற்பது 1,42,310. மூன்று வருடமாக அதை நெருங்க முடியவில்லை.