பித்தநீர் அனிமேஷன் பாடம்: நல்லா இருக்கு, ஆனால் முக்கியமான இடத்தில் அவசரம்

நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். கல்லீரல் செல் கொழுப்பைப் பித்தநீருக்குள் எப்படி அனுப்புகிறது என்ற பகுதி வந்தாலே வகுப்பு சோர்ந்துவிடும், அதற்காகவே சந்தா கட்டி இந்த அனிமேஷன் பாடத்தை வாங்கினேன். வாங்கியது வீண் போகவில்லை.

நிறைய படங்களில் செல் கொழுப்பை அப்படியே வெளியே தள்ளுவது போல அம்புக்குறி போட்டு முடித்திருப்பார்கள். இதில் சவ்வு இரண்டு அடுக்காகக் கண்முன் விரிகிறது. உள் அடுக்கில் இருக்கும் ஒரு பாஸ்பாடிடைல்கோலின் (பாஸ்போலிப்பிட் என்ற சவ்வுக் கொழுப்பில் ஒரு வகை) மூலக்கூறை ஏபிசிபி 4 என்ற புரதம், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து வெளி அடுக்குக்குப் புரட்டிவிடுகிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. பித்த நுண்குழாயில் இருக்கும் பித்த உப்புகள்தான் அதைச் சவ்விலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போகின்றன. அந்த உப்புகளை அங்கே இறைத்துவிடுவது ஏபிசிபி 11 என்ற வேறொரு பம்ப். இந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அப்போ உப்பு வரலைன்னா கொழுப்பும் வராதா மேடம்?" என்று கேட்டாள். எத்தனையோ வருஷமாக இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன்!

சரி, குறைகள். ஏபிசிபி 4-ஐ ஃபிளிப்பேஸ் என்றே சொல்கிறார்கள். பழைய கட்டுரைகளிலும் அப்படி உண்டு, ஆனால் இப்போதைய வழக்கில் உள்ளிருந்து வெளியே புரட்டுவது ஃப்ளாப்பேஸ். கொலஸ்ட்ராலை ஏபிசிஜி 5, ஏபிசிஜி 8 இரண்டும் ஜோடி சேர்ந்துதான் அனுப்பும், இங்கே ஒற்றைப் புரதமாக வரைந்துவிட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது கடைசிப் பகுதிதான். பித்த உப்பு சோப்பு மாதிரி, தனியாக விட்டால் பித்தநாளச் செல்களின் சவ்வையே கரைக்கும். பாஸ்பாடிடைல்கோலினோடு சேர்ந்து மைசெல்லாக, அதாவது நுண்ணிய திரளாக, ஆனால்தான் அதன் வீரியம் அடங்கும், கொலஸ்ட்ராலும் கல்லாகப் படியாமல் கரைந்தே இருக்கும். ஏபிசிபி 4-க்கான மரபணுவை நீக்கிய எலிகளின் பித்தநீரில் பாஸ்போலிப்பிடே இல்லை, கல்லீரலும் கெட்டது என்று 1993-லேயே காட்டிவிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் பிஎஃப்ஐசி (பித்த ஓட்டம் தடைபட்டுக் கல்லீரல் கெடும் பரம்பரை நோய்) 3-ஆம் வகையும் இதே கோளாறுதான். நாளைக்கு வார்டில் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் என் மாணவிகள், அவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

அந்தப் பகுதிக்கு மட்டும் வீடியோவை நிறுத்திவிட்டு நானே போர்டில் வரைகிறேன். மற்றபடி நர்சிங், பார்மசி வகுப்புகளுக்குத் தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு நான்கு.