மேற்கு பார்த்த தேக்குக் கதவும் பியு பாலிஷும்: ஓராண்டுக்குப் பிந்தைய மதிப்பீடு

வெயிலும் மழையும் படும் தலைவாசல் கதவுக்கு பியு (பாலியூரித்தேன்) பாலிஷ் கொடுக்கும் பணத்துக்குத் தகுந்ததா என்று கேட்பவர்களுக்கு, தகுந்ததுதான் என்பேன்; ஆனால் கதவைக் கீலிலிருந்து கழற்றி, கண்ணில் படாத மேல், கீழ் விளிம்புகளுக்கும் பூசித் தர ஒப்புக்கொள்ளும் ஆளிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். கோவையில் உள்ள எங்கள் வீட்டுக் கதவு மேற்கு பார்த்தது. பிற்பகல் வெயில் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று தூறலையும் புழுதியையும் சேர்த்து அடிக்கிறது.

வீடு கட்டியபோது அதற்குப் பூசியிருந்தது மெலமைன் என்ற பிசின் வகைப் பூச்சு. உள்ளறை அலமாரிக்கு அது நல்ல பூச்சு, விரைவில் காயும், விலையும் குறைவு. வெளிக்கதவில் நிலைமை வேறு. மரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும்போது, கடினமான மெலமைன் படலம் அதனோடு சேர்ந்து அசைய முடியாமல் மயிரிழை போல வெடிக்கிறது. அந்த வெடிப்புகளில் இறங்கும் நீர் படலத்தை மரத்திலிருந்து பிரித்துவிடுகிறது. புறஊதாக் கதிர்களும் மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைப்பதால் படலத்துக்குப் பிடிமானமே இல்லாமல் போகிறது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ் எவ்வளவு அழகாக இருந்தாலும், நீர் நின்ற இடத்தில் வெளுத்துவிடும் என்பதால் அதை நான் கருதவேயில்லை.

நாங்கள் அமர்த்திய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பழைய பூச்சை ரிமூவர் தடவிச் சுரண்டி எடுத்தபின், 120, 180, 220 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் வரிசையில் எமரித் தாளால் இழையோட்டத்தின் வழியே தேய்த்தார்கள். சமதளப் பலகைகள் எளிதில் முடிந்தன. தாமரை செதுக்கிய பகுதிகளில்தான் நேரம் கரைந்தது. மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் பூசுவதற்குச் சற்று முன்பு கதவு முழுவதையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதைத் துடைக்காமல் பூசினால் மேலே வரும் எதுவும் சரியாக ஒட்டாது, ஆயினும் அவசரக்காரர்கள் முதலில் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். வால்நட் நிறத்தில் நிறமித் துகள் கலந்த ஸ்டெயினைத் தேர்ந்தோம், ஏனெனில் சாய வகை ஸ்டெயின் வெயிலில் விரைவில் வெளிறும். நிறத்தைப் பொறுத்தவரை, கடையில் காட்டும் மாதிரி அட்டையை நம்ப வேண்டாம்; அதே மரத்தின் ஒரு துண்டில் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலரும் அதன்மேல் வரும் பியு மேல்பூச்சும் ஏறிய பிறகுதான் உண்மையான நிறம் தெரியும்.

மேல்பூச்சு அடிக்க வேண்டிய அன்று மழை பெய்ததால் அவர்கள் வேலையைத் தள்ளிவைத்தார்கள். பியு பூச்சை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து குமிழிகளை உண்டாக்கும் என்பதால் இது சரியான முடிவு. நம் ஊரில் பலரும் கண்ணாடி போன்ற பளபளப்பைக் கேட்கிறார்கள். சாய்வெயிலில் அந்தப் பளபளப்பு இழைப்புளி விட்டுச்சென்ற ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். நாங்கள் வாங்கிய அரைப்பளபளப்பு அந்தக் குறைகளைக் காட்டுவதில்லை.

ஓர் ஆண்டின் வெயிலும் மழையும் பார்த்த பிறகு, சன்ஷேடின் நிழல் விழும் மேற்பகுதி புதிதாகவே இருக்கிறது. கீழ்ப்பகுதியில் நிறம் சற்றே வெளிறியுள்ளது, ஆனால் வெடிப்போ உரிதலோ இல்லை. தரையில் பட்டுத் தெறிக்கும் மழைநீரை இழையின் குறுக்குவெட்டு முனைகள் உறிஞ்சும் இடமான அடிவிளிம்பிலும் உப்பல் காணவில்லை. நிலையில் வெள்ளிதோறும் வைக்கும் மஞ்சளும் குங்குமமும் ஈரத் துணிக்குப் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. எஞ்சும் மஞ்சள் கறையை வெயிலே வெளுக்கச் செய்கிறது. தோரணம் கட்ட அடிக்கும் ஆணிதான் பகை. அந்தத் துளை வழியாக நீர் படலத்தின் அடிக்கே போய்விடும், ஆகவே கொக்கிகளைப் பூச்சுக்கு முன்பே பொருத்திவிடுவது நல்லது.

குறைகளும் உண்டு. பித்தளைக் குமிழ்களைக் கழற்றாமல் டேப் ஒட்டி மறைத்ததால், ஒவ்வொன்றையும் சுற்றிப் பழைய மெலமைன் வளையமாக நிற்கிறது. இது பூச்சின் குறையன்று, ஆட்களின் சோம்பல். பூச்சுக்கே உரிய குறை, கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாமல் அந்தப் பலகை முழுவதையும் தேய்த்துப் பூச வேண்டியிருப்பது. அந்த வசதி எண்ணெய்ப் பூச்சில் உண்டு என்றாலும், அதற்குப் பயன்படும் ஆளிவிதை எண்ணெய் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அதில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

விலை மெலமைனைவிடத் தெளிவாகவே கூடுதல். எனவே மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்திடும் முன், வெயிலில் மஞ்சளிக்காத வெளிப்புற வகைதானா, நிலைக்குத் தனிக் கட்டணமா, குமிழ்களும் தாழ்ப்பாளும் கழற்றப்படுமா, விளிம்புகள் நான்கும் கணக்கில் உள்ளனவா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.