டீ ஃபேக்டரி ஆபீஸா, ரிசார்ட் ஆபீஸா?

ரெண்டு எடத்துலயும் வேலை பாத்துட்டேன், நீலகிரில வேலை தேடுற பசங்க சம்பளத்த மட்டும் பாத்து முடிவெடுக்காதீங்க. ஊட்டி ரிசார்ட்ல கைக்கு கொஞ்சம் கூடவே வரும், சாப்பாடும் உண்டு. ஆனா ஏப்ரல் மே சீசன்ல லீவுன்னு வாயே திறக்க முடியாது. 2025 சீசன்ல வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000னு மலைக்கு வர்ற வண்டிக்கு வாங்க வேண்டிய இ-பாஸ்க்கு வரம்பு வச்சாங்கல்ல, அது கோர்ட் உத்தரவு, அதனால புக்கிங் கேன்சலானா ஃப்ரண்ட் ஆபீஸ்ல உக்காந்திருக்கிற பொண்ணு என்ன பண்ணும்? எங்க மேனேஜர் கெஸ்ட் முன்னாடியே அவள திட்டுவாரு. நல்லா வேலை தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா கெளம்பிட்டாங்க.

கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரி ஆபீஸ் வேற மாதிரி. சம்பளம் கம்மி, பச்சை இலை ராத்திரி முழுக்க வாடணும்ங்கறதால நைட் ஷிஃப்ட்டும் உண்டு, குளிர் எலும்ப தொடும். ஆனா குன்னூர் டீத்தூள் ஏலத்துல வெல எறங்குனா மேனேஜரே வந்து இந்த மாசம் ஓவர்டைம் கொறையும்ப்பானு நேரா சொல்லிடுவாரு, கஷ்டமா இருந்தாலும் யாரும் மொணங்கல.

மழைல ரோட்டுல மரம் விழுந்து லேட்டா போனா ரிசார்ட்ல அரை நாள் கட், இங்க "பத்திரமா வந்தியாப்பா, மொதல்ல டீ குடி"ம்பாங்க. குடும்பத்துல கடன் நெருக்கடி இருந்தா ரிசார்ட்டுக்கு போங்க, தப்பில்ல. இல்லன்னா நான் ஃபேக்டரின்னுதான் சொல்லுவேன், சேர்றதுக்கு முன்னாடி அங்க பழைய ஆளுங்க எத்தன பேரு இருக்காங்கன்னு மட்டும் விசாரிச்சுக்கோங்க.