போல்ட் தலையில் பூசிய சிவப்பை நம்பி ஏமாறாதீர்கள்: விசிறி கிளச் மாற்றிய கராஜில் எனக்கு நேர்ந்தது

நுவரெலியாவிலிருந்து பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி கொண்டு சென்று இறக்கிவிட்டு, திரும்பும்போது அரிசியும் உரமும் ஏற்றி வரும் லொறி ஒன்றை 11 ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். கடந்த தை மாதத்தில், இன்ஜின் சூட்டுக்கு ஏற்றபடி ரேடியேட்டர் விசிறியைச் சுற்றவைக்கும் விசிறி கிளச் பழுதானதால், எங்கள் பக்கத்தில் பெயர் பெற்ற ஒரு கராஜில் புதியதைப் பூட்டக் கொடுத்தேன். பழைய போல்ட்கள் இளகியிருந்ததைப் பார்த்திருந்தபடியால், புதியவற்றுக்கு லொக்டைட் (போல்ட் இளகாமல் இருக்கப் புரியில் விடும் பசைத் திரவம்) போட்டே இறுக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். பில்லில் கிளச்சின் விலைக்கும் கூலிக்கும் கீழே லொக்டைட்டுக்கென்று 1,800 ரூபாய் தனி வரியாக எழுதப்பட்டிருந்தது. நான்கு போல்ட்களின் தலையிலும் சிவப்பு நிறத்தில் ஏதோ பூசப்பட்டிருந்ததைக் கண்டு, சொன்னபடியே செய்திருக்கிறார்கள் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம், கம்பளையிலிருந்து உர மூடைகளுடன் ஏறிக்கொண்டிருந்தோம். புசல்லாவையைத் தாண்டி றம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, உடன் வந்த என் அக்காவின் மகன், “மாமா, முன்னுக்கு ஏதோ அடிபடுற மாதிரிச் சத்தம் கேக்குது” என்றான். லொறியை ஓரங்கட்டுவதற்கு இடம் தேடிய அரை நிமிடத்துக்குள் பெரிய சத்தத்துடன் விசிறி முன்னால் பாய்ந்து ரேடியேட்டரைக் கிழித்தது. கொதிநீர் புகையாகக் கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்த அந்த வளைவில் ஒருவருக்கும் காயமில்லாமல் தப்பியதை இன்றைக்கும் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

மலைநாட்டு லொறிக்காரர்களுக்கு விசிறி கிளச்சின் அருமை தெரியும். ஏற்றத்தில் வண்டி மெல்ல ஊரும்போது எதிர்க்காற்று கிடைக்காது; ரேடியேட்டருக்குக் காற்றை இழுக்கும் வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. கிளச்சின் முகப்பிலுள்ள இரட்டை உலோகச் சுருள், ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து உள்ளேயுள்ள சிலிக்கன் எண்ணெய்க்கு வழி திறந்துவிட, அதுவரை நழுவிக்கொண்டிருந்த விசிறி இறுகிப் பிடித்து வேகமாகச் சுற்றத் தொடங்குகிறது. அந்த இழுவையையும் அதிர்வையும் என்னுடைய லொறியில் தாங்குபவை, வோட்டர் பம்ப்பின் தட்டில் ஏறும் நான்கே நான்கு 8 மில்லிமீற்றர் போல்ட்கள்தான்.

லொறியைக் கட்டியிழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில், வயதான ஒரு மெக்கானிக் பாஸ் எஞ்சியிருந்தவற்றை என் கண்முன்னே கழற்றினார். இரண்டு போல்ட்கள் தாமாகவே கழன்று விழுந்துவிட்டன. அவற்றில் ஒன்று கீழ்த் தகட்டில் சிக்கியிருந்தது. ஒன்று முறிந்து பாதி தட்டுக்குள்ளேயே நின்றது. நான்காவதின் தலை சிவப்பாக இருந்தது, ஆனால் புரியில் கருப்பு எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் அந்தச் சிவப்பை நகத்தால் சுரண்டினார். காய்ந்த பெயின்ட்டாக உரிந்து வந்தது. “தம்பி, லொக்டைட் வெளிக்காத்துல காயாது. வெளியில காஞ்சு கிடந்தா அது லொக்டைட் இல்ல” என்றார்.

அவர் சொன்னதற்கு விளக்கம் இதுதான். இந்தத் திரவம் காற்றுப்படும் இடத்தில் திரவமாகவே இருக்கும். காற்று புகாத இடுக்கில், இரும்பைத் தொட்டபடி இருக்கும்போதுதான் கெட்டியாகும். போத்தலைப் பாதியளவு நிரப்பி, மீதியைக் காற்றுக்கு விட்டு விற்பதும் அது உள்ளேயே இறுகிவிடாமல் இருப்பதற்காகத்தான். ஆகவே போல்ட் தலையில் தெரியும் கெட்டியான பூச்சு லொக்டைட் போட்டதற்குச் சாட்சி ஆகாது. உண்மையாகப் போட்டிருந்தால், கழற்றும்போது புரிகளுக்கு இடையில் பொடிந்த பிளாஸ்டிக் போன்ற துகள்கள் நிறத்துடன் ஒட்டியிருக்கும். நல்ல வேலைக்காரர்கள் சிலர், போல்ட் பின்னர் அசைந்ததா என்று பார்ப்பதற்காகத் தலையிலிருந்து தட்டு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பதுண்டு, அதில் தவறில்லை. போடாத பொருளுக்குப் பணம் வாங்கி, அதைப் போட்டதாகக் காட்டுவதற்குப் பெயின்ட் பூசியதைத்தான் நான் மோசடி என்கிறேன்.

அந்தச் சிவப்பே இன்னொரு பொய்யையும் காட்டிக்கொடுத்தது. எல்லோரும் அறிந்த வகைகளில் நீலம் நடுத்தரப் பிடிப்புள்ளது, சாதாரண சாவியாலேயே கழற்றலாம். சிவப்பு மிகக் கடுமையானது. அதை இளக்குவதற்கு ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். சிலிக்கன் எண்ணெய் நிறைந்த கிளச்சுக்கும் வோட்டர் பம்ப்பின் சீலுக்கும் பக்கத்தில் யாராவது தீச்சுவாலையைப் பிடிப்பார்களா? இந்த இடத்துக்கு உரியது நீல வகைதான். எல்லாக் கம்பனிகளும் நிறங்களை ஒரே விதமாகப் பயன்படுத்துவதில்லை என்பதால், போத்தலிலுள்ள இலக்கத்தையும் விபரத்தையும் வாசித்துப் பார்ப்பது நல்லது. நடுவில் ஒரே பெரிய நட்டுடன் பூட்டப்படும் கிளச்கள் வேறு விதம். அவற்றில் பல, சுற்றும் திசையிலேயே தாமாக இறுகும்படி செய்யப்பட்டவை, சிலவற்றில் புரி இடப்பக்கமாகவும் இருக்கும். அவற்றுக்கு லொறியின் கைநூல் சொல்வதைத்தான் பின்பற்ற வேண்டும்.

இரண்டாவது வேலை நடந்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முறிந்த துண்டைத் துளைத்து எடுத்த பின், தட்டின் துளைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து, காற்றால் ஊதிக் காயவிட்டார். புதிய போல்ட்களையும் அப்படியே கழுவினார். எண்ணெய் படிந்த புரியில் திரவம் சரியாகப் பிடிக்காது. வோட்டர் பம்ப்பின் தண்டை ஆட்டிப் பார்த்து, பெயாரிங்கில் ஆட்டமில்லை என்பதை உறுதி செய்தார். அதன் பிறகுதான் புரியின் நுனிப்பக்கத்தில் நீலத் திரவத்தை ஓரிரு சொட்டு விட்டு, நான்கையும் கையால் ஏற்றி, குறுக்கு மறுக்காக, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் சாவியால் இறுக்கினார். லொக்டைட் போட்டுவிட்டால் இறுக்கம் குறைந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பது பெரும் பிழை என்று இரண்டு தடவை சொன்னார். முழுப் பிடிப்பு வருவதற்கு 24 மணித்தியாலம் வேண்டும், குளிரில் இன்னும் தாமதமாகும் என்று சொல்லி லொறியை மறுநாள் மாலை வரை தரவில்லை. தை மாதத்தில் நுவரெலியாவில் இரவுக் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்குவதை நினைத்தபோது, முதல் கராஜில் வேலை முடிந்த அரை மணித்தியாலத்தில் “எடுத்துக்கொண்டு போங்க அண்ணன்” என்று அனுப்பிவைத்ததும் எனக்கு அப்போதே சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டியது.

போல்ட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு பழைய கராஜுக்குப் போனேன். பாதை மோசம், பாரம் கூட ஏற்றியிருப்பீர்கள் என்றார்கள். எந்த வகை லொக்டைட் போட்டீர்கள், போத்தலைக் காட்டுங்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ரேடியேட்டர், விசிறி, கட்டியிழுத்த கூலி, நனைந்து பாழான மூன்று மூடை உரம் என்று எல்லாம் சேர்த்து 1,34,000 ரூபாய் செலவாகியது. அதில் ஒரு சதத்தையும் அவர்கள் ஏற்கவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதால் தாமதிக்கவில்லை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். அண்மையில் விசிறி கிளச் மாற்றி, பில்லில் லொக்டைட் என்று ஒரு வரியும் போல்ட் தலைகளில் சிவப்புப் பூச்சும் உள்ளவர்கள், இன்ஜினை நிறுத்திச் சூடு ஆறிய பின் அந்தப் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட்டாக உரிந்தால், அடுத்த ஏற்றத்துக்குப் போகும் முன் வேறொருவரிடம் காட்டி ஒரு போல்ட்டையாவது கழற்றிப் புரியைப் பாருங்கள். பில்லைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.