பனிக்குழியில் எந்த டெஸ்ட்: சி.டி.யா, ஈ.சி.டி.யா?

பனிமலையில் ஸ்கீயோடு (காலில் மாட்டிப் பனியில் சறுக்கும் பட்டை) ஏறுகிறவர்கள் பனிச்சரிவு ஆபத்து இருக்கிறதா என்று குழி தோண்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் செய்வது கம்ப்ரெஷன் டெஸ்ட் என்கிற சி.டி., இல்லையென்றால் எக்ஸ்டெண்டெட் காலம் (column, அதாவது தூண்) டெஸ்ட் என்கிற ஈ.சி.டி. செய்முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். பனியில் ஒரு தூணை அறுத்துத் தனியாக்கி, மேலே ஷவலை (பனி அள்ளும் மண்வாரியை) வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று பலம் கூட்டிக்கொண்டே போய், எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கு உடைகிறது என்று பார்க்க வேண்டும். சி.டி.யின் தூண் 30க்கு 30 செ.மீ. ஈ.சி.டி.யில் அதே தூண் சரிவுக்குக் குறுக்காக 90 செ.மீ. நீளும், தட்டுவது ஒரு ஓரத்தில் மட்டும்.

அந்தக் கூடுதல் 60 செ.மீ.யில்தான் விஷயமே இருக்கிறது. ஆளைக் கொல்கிற பனிச்சரிவு பெரும்பாலும் பாளமாக வருவது: மேலே இறுகிய பனிப்பாளம், அடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாத பலவீனமான அடுக்கு. ஓரிடத்தில் அந்த அடுக்கு நொறுங்கினால் விரிசல் அதன் வழியாகவே ஓடி, பாளம் மொத்தமும் கழன்றுகொள்கிறது. ஆக, கேள்வி இரண்டு. விரிசல் தொடங்குமா? தொடங்கினால் ஓடுமா? சி.டி. பதில் சொல்வது முதல் கேள்விக்குத்தான், அத்தனை சின்னத் தூணில் விரிசல் ஓட இடம் ஏது? '12வது தட்டில் உடைந்தது' என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. சட்டென்று வழுக்கி வெளியே வந்ததா, பொலபொலவென்று உதிர்ந்ததா என்பது அந்த எண்ணைவிட அதிகம் சொல்லும்.

ஈ.சி.டி.யில் விரிசல் தொடங்கிய தட்டிலோ அதற்கு அடுத்த தட்டிலோ மறுமுனை வரை ஓடிவிட்டால் 'பி', ஷவலுக்கு அடியிலேயே நின்றுவிட்டால் 'என்'. பாளத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி இதுதான். அதனால் முதலில் ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ஈ.சி.டி.யைக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த அடுக்கு பலவீனம் என்று சீக்கிரம் தேடிக் கண்டுபிடிக்க மட்டும் சி.டி. போதும்.

ஈ.சி.டி.யும் தடுமாறும் இடம் உண்டு. பலவீன அடுக்கு ஒரு மீட்டருக்கும் கீழே இருந்தால் தட்டின் பலம் அங்கே போய்ச் சேராது, அப்போது வருகிற 'என்'னை நம்பக் கூடாது. அங்கே ரம்பத்தை எடுக்க வேண்டும்: சரிவின் மேல்நோக்கி குறைந்தது ஒரு மீட்டர் நீளத்துக்குத் தூணைப் பிரித்து, சந்தேகப்படும் அடுக்கைக் கீழிருந்து அறுத்துப் போக, பாதி அறுப்பதற்குள் விரிசல் தானே கடைசி வரை ஓடினால் அந்தச் சரிவை விட்டுவிடுங்கள். எந்த அடுக்கு என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இது உதவும். ஆள் ஏறி நின்று குதிக்கிற ருட்ஷ்ப்ளாக்கும் இருக்கிறது, 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்று பெரிய கட்டி. நல்ல டெஸ்ட்தான், வெட்டியெடுக்க நேரம் பிடிக்கும்.

சரி, 'என்' வந்துவிட்டது, இறங்கலாமா? இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். காற்று பனியை அள்ளி ஒரு பக்கம் குவிப்பதால், பத்தடி தள்ளித் தோண்டினால் வேறு பதில் வரலாம். 'பி' வந்தால் திரும்புங்கள், 'என்' வந்தால் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம், ஸ்கீ முனையிலிருந்து பாயும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாக விழுந்த பனிச்சரிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் குழியே தோண்ட வேண்டாம், பதில் வந்தாயிற்று. அன்றைய பனிச்சரிவு ஆபத்து அறிவிப்பில் 5 படிகளில் 3 என்று போட்டிருந்தால் 'நடுவில்தானே இருக்கிறது' என்று நினைக்கிறார்கள், ஆனால் ஆபத்து படிக்குப் படி ஒரே அளவில் கூடுவதில்லை, 3லேயே ஆள் மிதித்துப் பாளம் கழன்றுவிடக்கூடும்.

அரை மணி நேரக் குழியைவிட, சரிவின் கோணத்தை அளக்கும் ஒரு நிமிடத்தை நான் அதிகம் நம்புகிறேன். பாளங்கள் பெரும்பாலும் கழல்வது 30 முதல் 45 டிகிரியில். அதற்குக் குறைவாக, தலைக்கு மேலேயும் செங்குத்தான சரிவு எதுவும் இல்லாத பாதையைத் தேர்ந்தெடுத்தால் 'பி'யா 'என்'னா என்ற கவலையே பெருமளவு போய்விடும். அப்படியும் செங்குத்தில்தான் இறங்க வேண்டும் என்றால், இறங்கப்போகும் சரிவின் அதே திசை, அதே உயரம், கிட்டத்தட்ட அதே கோணம் உள்ள சின்னச் சரிவாகப் பார்த்து, கழன்றாலும் புதைந்துபோகாத இடத்தில் தோண்டுங்கள். மரத்தடியில் வேண்டாம், கிளையிலிருந்து விழுந்த பனி அடுக்குகளைக் கலைத்திருக்கும்.